மறுசுழற்சி நீரை ஓர் ஊர் ஏற்பதும் இன்னோர் ஊர் மறுப்பதும் ஏன்?

2006 ஜூலை 29. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள டுவூம்பா என்ற ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்து, ஊருக்குக் குடிநீர் தரும் கூபி அணையில் சேர்க்கலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அந்தப் பகுதியில் அப்போது பல வருடமாகக் கடும் வறட்சி. அணைகளின் நீர்மட்டம் விழுந்துகொண்டே இருந்தது, தண்ணீர்ப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு வந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2002 ஆகஸ்ட் 9 அன்று, சிங்கப்பூரில் தேசிய தினக் கொண்டாட்டம். விளையாட்டரங்கில் திரண்டிருந்த சுமார் 60,000 பேர், பிரதமர் கோ சோக் தோங்கோடு சேர்ந்து, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை உயர்த்திப் பிடித்து நாட்டுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுக் குடித்தார்கள். அந்த பாட்டிலில் இருந்ததும் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்தான்.

இரண்டு ஊர்களும் கையில் எடுத்த தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் மக்களின் பதில் ஏன் இவ்வளவு மாறியது? யார் பேசினார்கள், எப்போது பேசினார்கள், எதைக் கண்முன் காட்டினார்கள் என்று பார்த்தால் பெருமளவு விடை கிடைத்துவிடும். தண்ணீர்த் துறை பற்றி எதுவும் தெரியாதவர்களும் பின்தொடரும்படி அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

கழிவுநீர் குடிநீர் ஆவது எப்படி

வீட்டின் குளியலறை, சமையலறை, கழிவறை மூன்றிலிருந்தும் வெளியேறும் நீர் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே கசடைப் படியவைத்துப் பிரிப்பார்கள். கரைந்திருக்கும் அழுக்கை நுண்ணுயிர்களை வைத்துச் சிதைப்பார்கள். வழக்கமான சுத்திகரிப்பு இவ்வளவுதான். இப்படி வரும் நீரை ஆற்றிலோ கடலிலோ விடலாம், குடிக்க முடியாது.

குடிக்கும் தரத்துக்குக் கொண்டுபோக இன்னும் மூன்று படிகள் வேண்டும். முதலில் நுண்வடிகட்டி. இதன் துளைகள் 0.2 மைக்ரான் அளவுக்குச் சின்னவை என்பதால் பாக்டீரியா இங்கேயே நின்றுவிடும். இரண்டாவது ஆர்.ஓ. நம் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறோமே, அதே தத்துவத்தில் இயங்கும் ராட்சதக் கருவி. உப்பு, வைரஸ், மருந்து எச்சங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் இது தடுத்துவிடும். ஆர்.ஓ.வையும் தாண்டி நழுவக்கூடிய மிகச் சிறிய மூலக்கூறுகள் சில உண்டு. அவற்றையும் தப்பிப் பிழைத்த கிருமிகளையும் மூன்றாவது படியான புற ஊதா ஒளி பார்த்துக்கொள்கிறது. சில ஊர்களில் இதோடு ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ப்பார்கள். ஒரு தடுப்பு தவறினால் அடுத்தது பிடிக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இப்படிக் கிடைத்த நீரைக் குழாயில் நேரடியாக அனுப்புவது ஒரு முறை. நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக் 1968லிருந்தே இப்படித்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலான ஊர்கள் முதலில் ஏரியிலோ அணையிலோ நிலத்தடியிலோ கலந்து, சில காலம் இருக்கவிட்டு, மறுபடி எடுத்துச் சுத்திகரித்து விநியோகிக்கின்றன. இது மறைமுக முறை. இதில் விசித்திரம் என்னவென்றால், ஆர்.ஓ. தாண்டி வந்த நீர், அது போய்ச் சேரும் ஏரி நீரைவிடச் சுத்தமாக இருக்கும். ஏரியில் கலந்த பிறகு மறுபடி ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. பிறகு எதற்குக் கலக்கிறார்கள்? ஏதாவது தவறு நடந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும் என்பது ஒரு காரணம். மக்களின் மனம் சமாதானமாகும் என்பது இன்னொரு காரணம், சிறிய காரணம் அல்ல.

திட்டமிடாமலே நடக்கும் மறுசுழற்சியும் உண்டு. ஈரோட்டுக் கழிவு காவிரியில் கலக்கிறது. கீழே உள்ள ஊர்கள் அதே காவிரிப் படுகையில் கிணறு இறக்கிக் குடிநீர் எடுக்கின்றன. தேம்ஸ், ரைன் நதிக்கரை நகரங்களிலும் இதே கதைதான். இந்தத் தண்ணீரை 'சாக்கடைத் தண்ணீர்' என்று யாரும் சொல்வதில்லை, ஆற்றுத் தண்ணீர் என்றே சொல்கிறோம்.

அருவருப்பு முட்டாள்தனம் அல்ல

அதிகாரிகளும் பொறியாளர்களும் அடிக்கடி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை, ஆய்வக அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டால் புரிந்துகொள்வார்கள். இந்த எண்ணத்தால்தான் பல திட்டங்கள் கவிழ்ந்திருக்கின்றன.

எச்சில் பட்ட டம்ளரை நினைத்துப் பாருங்கள். யாரோ வாய் வைத்துக் குடித்த டம்ளரைச் சோப்புப் போட்டு, வெந்நீரில் கழுவி, துடைத்து வைத்தாலும், பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதில் குடிக்க மனம் வராது. அதே டம்ளரை, நடந்தது எதுவும் தெரியாதவரிடம் நீட்டினால் வாங்கிக் குடித்துவிடுவார். டம்ளரின் சுத்தம் இருவருக்கும் ஒன்றுதான், அதன் முன்கதை ஒருவருக்கு மட்டும் தெரியும்.

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய சகாக்களும் 1980களில் இதைப் பரிசோதித்தார்கள். செத்த கரப்பான்பூச்சியைக் கிருமி நீக்கம் செய்து, பழச்சாற்றில் ஒரு முறை முக்கி எடுத்துவிட்டு, அந்தச் சாற்றைக் குடிக்கச் சொன்னார்கள். பூச்சியில் கிருமி எதுவும் இல்லை என்று விளக்கியும் பலருக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. ஒரு பொருளை அழுக்கு ஒருமுறை தொட்டுவிட்டால் அந்தத் தொடர்பு அறுபடுவதே இல்லை என்று மனம் நம்புகிறது. கெட்டுப்போனதிலிருந்தும் நோயிலிருந்தும் நம் முன்னோர்களைக் காப்பாற்றிய உணர்வு இது. அதைக் கேலி செய்கிறவர் பேசத் தொடங்கும்போதே தோற்றுவிடுகிறார்.

ரோசின் குழு 2015ல் மறுசுழற்சி நீரைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டது. 2,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கேட்டதில், ஏறக்குறைய பாதிப் பேர் குடித்துப் பார்க்கத் தயார் என்றார்கள். 38 சதவீதம் பேருக்கு உறுதியில்லை. எப்படிச் சுத்தம் செய்தாலும் தொடவே மாட்டேன் என்றவர்கள் 13 சதவீதம்தான். நீர் சில காலம் நிலத்தடியில் இருந்துவிட்டு வந்தது, ஆற்றில் நெடுந்தூரம் ஓடி வந்தது என்று சொன்னபோது குடிக்கச் சம்மதித்தவர்கள் கூடினார்கள். மறைமுக முறை மனதைச் சமாதானப்படுத்துகிறது என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

இந்த எண்களில் என் கண் போய் நிற்பது நடுவில் இருக்கும் 38 சதவீதத்தில். எந்த ஊரிலும் பிடிவாதமான எதிர்ப்பாளர்கள் குறைவு. தயங்கி நிற்கிறவர்கள்தான் முடிவைத் தீர்மானிக்கிறார்கள், அவர்களிடம் முதலில் போய்ச் சேரும் வார்த்தை யாருடையதோ அவர் பக்கம் சாய்கிறார்கள். டுவூம்பாவில் எதிர்த்தரப்பின் வார்த்தை முந்திக்கொண்டது.

டுவூம்பாவில் என்ன ஆனது

மலைத்தொடரின் மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் டுவூம்பா. வேறு எங்கிருந்து தண்ணீர் கொண்டுவந்தாலும் மேலே ஏற்ற வேண்டும். அதனால் 2005 ஜூலையில் மேயர் டயான் தார்லி, கழிவுநீரைச் சுத்திகரித்து அணையில் சேர்க்கும் திட்டத்தை அறிவித்தபோது கணக்குப்படி அது நியாயமான யோசனைதான். அரசியல் கட்சிகளின் ஆதரவும் ஆரம்பத்தில் இருந்தது. நிதி கிடைத்த பிறகு நிதானமாக மக்களுக்கு விளக்கிக்கொள்ளலாம் என்று நகராட்சி நினைத்தது.

எதிர்ப்பாளர்கள் நிதி வரும்வரை காத்திருக்கவில்லை. திட்டம் அறிவித்த சில வாரங்களுக்குள் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பெயர், 'சாக்கடை குடிப்பதை எதிர்க்கும் குடிமக்கள்'. இந்தப் பெயரை ஒருமுறை காதில் வாங்கிவிட்டால் பிறகு யாரால் மறக்க முடியும்? நகராட்சி தன் திட்டத்துக்கு 'நீர் எதிர்காலம்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரிலிருந்து தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன செய்யப் போகிறார்கள் என்று எதுவும் தெரியாது. அந்த இடைவெளியை எதிர்ப்பாளர்களின் பெயர் நிரப்பிவிட்டது. 2006 தொடக்கத்திலேயே சுமார் 10,000 கையெழுத்துகள் திரண்டன. அந்த ஊரின் மொத்த மக்கள்தொகையே ஒரு லட்சத்துக்குக் கீழே.

எதிர்ப்பாளர்கள் சொன்னது உடல்நலம் பற்றி மட்டும் அல்ல. ஊர்ப் பெயர் கெடும், வீட்டு மனை விலை விழும், உணவுத் தொழிற்சாலைகள் வேறு ஊர் பார்த்துப் போய்விடும் என்றார்கள். ஆஸ்திரேலியாவில் வேறு எந்த ஊரும் குடிக்காத நீரை நாம் மட்டும் ஏன் குடிக்க வேண்டும், நாம் என்ன பரிசோதனை எலிகளா என்றார்கள். வணிகர்களும் முன்னாள் மேயர் ஒருவரும் அந்தப் பக்கம் நின்றார்கள். மத்திய அரசோ நிதி வேண்டுமென்றால் வாக்கெடுப்பு நடத்து என்று நிபந்தனை போட்டது. நிதானமாக விளக்கலாம் என்று நினைத்திருந்த நகராட்சிக்குக் கையில் சில மாதங்களே மிஞ்சின.

அந்தச் சில மாதங்களில் அது செய்ததெல்லாம் பதில் சொன்னதுதான். இது சாக்கடை அல்ல, நீரில் ஹார்மோன் எச்சம் இருக்குமோ என்ற பயம் தேவையில்லை, மனை விலை விழாது. ஒவ்வொரு மறுப்பும் எதிர்ப்பாளர்களின் வார்த்தையைத் திரும்ப ஒருமுறை ஊருக்குள் ஒலிக்கவிட்டது. 'இது சாக்கடை அல்ல' என்ற வாக்கியத்தில் கேட்பவரின் காதில் தங்குவது 'சாக்கடை'தான். தவிர, திட்டம் அறிவிக்கப்பட்டபோதே முடிவும் எடுக்கப்பட்டுவிட்டது என்று மக்களுக்குத் தோன்றியது. கேட்காமல் முடிவெடுத்துவிட்டு அப்புறம் விளக்க வருகிறவர் சொல்வது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கேட்பவருக்கு அது வியாபாரியின் பேச்சாகத்தான் படும்.

பின்கதையையும் சொல்லிவிட வேண்டும். டுவூம்பாவுக்கு 2010ல் வைவன்ஹோ அணையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் மேலே ஏற்றினார்கள். இந்த வைவன்ஹோ, பிரிஸ்பேன் பகுதியின் முக்கிய அணை. அங்கே அரசு வறட்சிக் காலத்தில் பெரும் செலவில் மறுசுழற்சி நீர்க் கட்டமைப்பு ஒன்றைக் கட்டியது. பிறகு, அந்தப் பகுதி அணைகளில் இருப்பு 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டுமே அந்த நீரைக் குடிநீரில் சேர்ப்போம் என்று 2008ல் அறிவித்தது. அப்படி ஒரு நாள் வந்தால் டுவூம்பாவின் குழாயிலும் அதே நீர் வரும்.

சிங்கப்பூர் செய்த வேலை

சிங்கப்பூரின் வெற்றியை 'நியூவாட்டர்' என்ற பெயரால் வந்தது என்று சுருக்குகிறவர்கள் உண்டு. பெயர் உதவியது உண்மைதான். கழிவுநீரைப் 'பயன்படுத்திய நீர்' என்றும், கழிவுநீர் நிலையங்களை 'நீர் மீட்பு நிலையங்கள்' என்றும் அதிகாரபூர்வமாகவே மாற்றிக் கூப்பிட்டார்கள். தமிழ்ச் செய்திகளில் அது 'புதுநீர்' ஆனது. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறைத்திருந்தால் அந்தப் பெயரே பிறகு கேலிக்கு ஆளாகியிருக்கும். அங்கே வேலை நடந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

1974லேயே அவர்கள் ஒரு சிறிய சோதனை நிலையம் வைத்துப் பார்த்தார்கள். செலவு அதிகம், அன்றைய வடிகட்டிச் சவ்வுகள் நம்பும்படி இல்லை என்று மூடிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து, தொழில்நுட்பம் முதிர்ந்த பிறகு, 1998ல் மறுபடி ஆய்வைத் தொடங்கினார்கள். 2000 மே மாதம் பெடோக்கில் நாளைக்கு 10,000 கன மீட்டர் நீர் தயாரிக்கும் செயல்விளக்க நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த நீரை உடனே யாருக்கும் குடிக்கக் கொடுக்கவில்லை. வெளிநாட்டு வல்லுநர்களும் இருந்த சுயேச்சையான குழு ஒன்று இரண்டு ஆண்டுகள் சோதித்தது. சுமார் 190 அளவுகோல்கள், ஆயிரக்கணக்கான சோதனைகள். எலிகளுக்கும் மீன்களுக்கும் அந்த நீரைக் கொடுத்து நீண்ட நாள் விளைவுகளைப் பார்த்தார்கள். அறிக்கை 2002ல் வந்தது. பெரிய அளவிலான மக்கள் பிரசாரம் சூடுபிடித்தது அதை ஒட்டித்தான்.

பத்திரிகையாளர்களை நடத்திய விதமும் முக்கியம். திட்டத்தைப் பற்றிச் செய்திக்குறிப்பு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை. பல வருடங்களாக மறுசுழற்சி நீரைப் பயன்படுத்தும் அமெரிக்க ஊர்களுக்கு அவர்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். 'உலகில் நாம் மட்டும்தானா' என்று டுவூம்பா மக்கள் கேட்ட அதே கேள்வி சிங்கப்பூரில் எழும் முன்பே, தங்கள் செய்தியாளர்கள் நேரில் பார்த்து எழுதிய பதில் மக்கள் கையில் இருந்தது.

அப்புறம்தான் பாட்டில்கள். அடித்தள அமைப்புகள், பள்ளிகள், சமூக நிகழ்ச்சிகள் என்று எங்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். விற்கவில்லை. பிரதமர் டென்னிஸ் ஆடிவிட்டு அதைக் குடிக்கும் படம் செய்திகளில் வந்தது. தேசிய தின நிகழ்ச்சி இந்த ஊர்வலத்தின் உச்சம்.

2003 பிப்ரவரியில் பெடோக்கில் பார்வையாளர் மையம் திறந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வரிசை வரிசையாக ஆர்.ஓ. குழாய்கள், கையில் எடுத்துப் பார்க்கச் சவ்வின் துண்டு, விளக்கிச் சொல்ல வழிகாட்டி, பிறகு ஒரு பாட்டில் தண்ணீர். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் சொன்னார்கள். தொழிற்சாலையின் கதவை யாரும் தட்டலாம், உள்ளே வந்து பார்க்கலாம் என்பதுதான் அந்த மையம் மக்களுக்குச் சொன்ன செய்தி. அச்சடித்த துண்டறிக்கையால் அதைச் சொல்ல முடியாது.

கலக்கும் அளவிலும் நிதானம். ஆரம்பத்தில் நீர்த்தேக்கங்களில் சேர்த்தது நாட்டின் தினசரித் தேவையில் சுமார் 1 சதவீதம் மட்டுமே. மிகப் பெரும் பகுதி சிப் தயாரிக்கும் ஆலைகளுக்கும் மற்ற தொழில்களுக்கும் குளிரூட்டும் கருவிகளுக்கும் போனது, இன்றும் போகிறது. சிப் ஆலைக்கு வேண்டியது குடிநீரைவிடத் தூய்மையான நீர். அந்த ஆலைகளே இதை வாங்குகின்றன என்பது விளம்பரம் செய்யாமலே கிடைத்த நற்சான்றிதழ். 2002 இறுதியில் நடந்த ஒரு தனியார் கருத்துக்கணிப்பில் 98 சதவீதம் பேர் ஏற்பதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேரடியாகக் குடிக்கவும் தயார் என்றார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சிங்கப்பூரின் சூழ்நிலையையும் சொல்லாவிட்டால் அது பாதி உண்மை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து தண்ணீர் வாங்கும் ஒப்பந்தங்களில் ஒன்று 2011ல் முடிய இருந்தது. தண்ணீர் விலை பற்றி மலேசியாவோடு அந்த வருடங்களில் கடும் இழுபறி. சொந்தத் தண்ணீர் வேண்டும் என்ற உணர்வு ஏற்கெனவே மக்களிடம் கனன்றுகொண்டிருந்தது. ஒரே கட்சி தொடர்ந்து ஆளும் நாட்டில், செய்தித்தாள்களும் அரசோடு இசைந்து போகும் இடத்தில், எதிர்ப்புக் குழு ஒன்று எழுந்து நின்று பேசும் வாய்ப்பும் குறைவு. ஆகவே சிங்கப்பூர் செய்த வரிசையைக் கற்றுக்கொள்ளலாம், அதே முடிவு எங்கும் வரும் என்று நினைக்கக் கூடாது. வாய்விட்டு 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய மக்களிடம் எப்படிப் பேசுவது என்று பார்க்க வேண்டுமானால் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து ஊர்கள்

1990களில் சான் டியாகோ நகரம் சுத்திகரித்த கழிவுநீரை நீர்த்தேக்கத்தில் சேர்க்கத் திட்டமிட்டது. 'கழிவறையிலிருந்து குழாய்க்கு' என்ற தலைப்பு செய்திகளில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அது மூன்றே சிறிய வார்த்தைகள், எதுகை மோனையோடு நாக்கில் நிற்கும். அதோடு இன்னொரு குற்றச்சாட்டும் எழுந்தது: பணக்காரப் பகுதிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, கறுப்பின மக்களும் ஏழைகளும் வாழும் பகுதிகளுக்கு அனுப்பப் போகிறார்கள். தேர்தல் நேரத்தில் இது பற்றிக்கொண்டது. 1999ல் திட்டம் கைவிடப்பட்டது.

இந்தக் குற்றச்சாட்டை வதந்தி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குப்பைமேடும் நச்சு ஆலையும் தங்கள் பகுதிக்கே வந்து சேர்வதைப் பார்த்த மக்கள், புதிய திட்டம் எது வந்தாலும் 'இது யார் தலையில்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு நீரின் தூய்மையைப் பற்றிய அறிக்கை பதில் ஆகாது. யாருக்குப் போகிறது, ஏன் அவர்களுக்கு, எல்லோருக்கும் சமமாகவா என்ற விவரம்தான் பதில்.

பக்கத்திலேயே ஆரஞ்சு கவுண்டி என்ற மாவட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேயும் இதே மாதிரித் திட்டம்தான், ஆனால் அது தொடங்குவதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். பெரிய மாநாடுகளைவிடச் சின்னச் சின்னக் கூட்டங்களை நம்பினார்கள். ரோட்டரி சங்கம், வணிகர் சங்கம், தேவாலயக் குழு, புலம்பெயர்ந்தோர் அமைப்பு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள். மருத்துவர்களிடமும் மருத்துவமனைகளிடமும் தனியாகப் போய் விளக்கி, எழுத்தில் ஆதரவு வாங்கினார்கள். தண்ணீரில் பயம் வந்தால் மக்கள் முதலில் கேட்பது பொறியாளரை அல்ல, தங்கள் டாக்டரை. டாக்டருக்கே தெரியவில்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது.

நிலையம் 2008 ஜனவரியில் ஓடத் தொடங்கியபோது குறிப்பிடும்படியான எதிர்ப்பு எதுவும் இல்லை. தொடக்கத்தில் நாளைக்கு சுமார் 26 கோடி லிட்டர். விரிவாக்கங்களுக்குப் பிறகு 2023லிருந்து சுமார் 49 கோடி லிட்டர். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் கடைசியில் அந்த நீரைக் குடித்துப் பார்க்கலாம். இந்த மாதிரி நீரை பாட்டிலில் அடைத்து மக்களுக்கு விளக்கிக் கொடுப்பதற்கென்றே 2016ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது.

அப்புறம் சான் டியாகோவும் திரும்பி வந்தது. 2011ல் ஒரு செயல்விளக்க நிலையத்தைக் கட்டி மக்களை உள்ளே அழைத்தார்கள். 2004ல் நாலில் ஒருவர்தான் இந்த யோசனையை ஆதரித்தார். 2012 கருத்துக்கணிப்பில் நாலில் மூன்று பேர் ஆதரித்தார்கள். 2014ல் நகர மன்றம் ஒருமனதாகத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 1999ல் வேண்டாம் என்ற அதே ஊர்தான். வறட்சி அவர்களை யோசிக்க வைத்தது. ஆனால் டுவூம்பாவிலும் வறட்சி இருந்ததே, அங்கே வறட்சி மட்டும் போதவில்லை.

நம் சென்னைக்கு வந்தால்

கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவது சென்னைக்குப் புதிதல்ல. மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் 1990களிலேயே நகரின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. ஏரிகள் வறண்டு கிடந்த 2019ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் ஆர்.ஓ. வசதியோடு தலா நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் வந்தன. அந்த நீர் எண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஆலைக்குப் போகும் வரை ஊரில் யாரும் கேள்வி கேட்கவில்லை. சுத்திகரித்த நீரைப் போரூர் மாதிரி ஏரிகளில் சேர்ப்பது பற்றிய பேச்சும் எழுந்துவிட்டது. அது நடைமுறைக்கு வரும்போது கேள்விகள் நிச்சயம் எழும்.

அப்போது டுவூம்பாவுக்கும் சிங்கப்பூருக்கும் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் பல தெருக்களில் மெட்ரோ வாட்டர் குழாயில் சாக்கடை நாற்றத்தோடு தண்ணீர் வருகிறது. பழைய குடிநீர்க் குழாயும் பழைய சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் வரும் கசிவு. இதைப் பார்த்த குடும்பம் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டது. அவர்களிடம் போய், உலகத் தரத்தில் ஆர்.ஓ. நிலையம் கட்டியிருக்கிறோம் என்று சொன்னால், 'முதலில் என் தெருக் குழாயைச் சரி பண்ணுங்கள்' என்பார்கள். அது நியாயமான பதில். நிலையத்திலிருந்து வீடு வரை உள்ள குழாயைப் பற்றிப் பேசாமல் நிலையத்தைப் பற்றி மட்டும் பேசினால் மக்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

ஆகவே இங்கே வேலை தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கசியும் குழாய்களை மாற்றும் வேலையும் மறுசுழற்சித் திட்டமும் ஒரே அறிவிப்பில் வரட்டும். தெருவுக்குத் தெரு நீரின் சோதனை முடிவைத் தமிழில், வாரா வாரம், வார்டு அலுவலகத்தில் ஒட்டட்டும். முடிவு மோசமாக வந்த வாரமும் ஒட்ட வேண்டும். நல்ல முடிவுகளை மட்டும் காட்டும் பலகையை யாரும் படிக்க மாட்டார்கள். ஏதாவது தவறினால் நீரை எங்கே திருப்பிவிடுவார்கள், எத்தனை மணி நேரத்தில் மக்களுக்குத் தெரியும் என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பேசப் போகிறவர்களின் பட்டியலும் இப்போதே தயாராகலாம். தெரு கிளினிக் டாக்டர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர், அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி. இவர்களை முதலில் நிலையத்துக்குள் அழைத்துப் போய், கேள்வி கேட்கவிட்டு, அவர்களுக்குத் திருப்தியான பிறகே தெருவுக்குப் போக வேண்டும். திருப்தி வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்டுத் திட்டத்தை மாற்ற வேண்டும். மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லாத பேச்சு, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், விளம்பரம்தான்.

கொடுங்கையூருக்கு இன்னொரு கூட்டம் தனியாக வேண்டும். குப்பைக் கிடங்கின் நாற்றத்தையும் கழிவுநீர் நிலையத்தையும் பல காலமாகத் தாங்கி வரும் பகுதி அது. அங்கே சுத்தமாகும் நீரில் வடசென்னைக்கு எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு, தென்சென்னைக்கு எவ்வளவு என்ற கணக்கை வரைபடத்தோடு அந்த முதல் கூட்டத்திலேயே மேசைமேல் வைத்துவிட வேண்டும்.